புதுப்பிப்பு: இலவச கோர்ஸில் கோடிங், இதுவரை

கோடிங் வாசனையே இல்லாதவர் ஹார்வர்டின் இலவச கணினி அறிவியல் கோர்ஸான சிஎஸ்50-இல் தொடங்கலாமா, இல்லை நேராக பைத்தான் மொழிக்கே போய்விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சிஎஸ்50-ஐயே எடுத்தேன், அதன் தொடர்ச்சி இது.

முதலில் ஸ்க்ராட்ச். திரையில் கட்டளைக் கட்டைகளை இழுத்து ஒட்டினால் போதும், ஜாலியாகப் போகும். அடுத்த வாரமே சி மொழி! ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கம்பைலர் (நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் நிரல்) கத்தும், அதுவும் சில நேரம் பிழை இருக்கும் வரியை விட்டுவிட்டு வேறு வரியைக் காட்டும்.

எனக்குப் பிடித்தது ஹேஷ் (#) குறிகளால் வலப்பக்கம் ஒட்டிய பிரமிடு கட்டும் பயிற்சி. உயரம் 4 என்றால் முதல் வரியில் 3 வெற்றிடம், 1 ஹேஷ், அடுத்ததில் 2 வெற்றிடம், 2 ஹேஷ், இப்படியே கீழே போகும். லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) இன்னொரு லூப் எதற்கென்று தாளில் இதை வரி வரியாக எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் அது வராது.

பைத்தான் ‘வாரம் 6’-இல்தான் வருகிறது. அதே பிரமிடு அங்கே சில வரிகளில் முடிந்துவிடுகிறது, சியில் பட்ட பாட்டுக்கு அப்புறம் அது தனி சுகம். ஆனால் இன்புட் வாங்கினால் எண்ணும் எழுத்தாகத்தான் வரும், 5-ஐயும் 3-ஐயும் அப்படியே கூட்டினால் 53 என்று நிற்கும். இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்ற வேண்டும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டவர்களுக்கு: சிஎஸ்50 தருவது இலவசம், எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குத்தான் காசு. அடுத்து தரவுத்தளங்களுக்கான எஸ்க்யூஎல் மொழி.