தியானம் அன்றாட வாழ்வில் என்ன செய்கிறது: மும்பைத் தமிழர் மூவரின் அனுபவம்

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

இகத்புரியில் உள்ள தம்மகிரி தியான மையத்தில், உடல் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா என்ற தியான முறையின் பத்து நாள் மௌன முகாமுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், அத்தனை நாள் பேசாமல் எப்படி இருந்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழ்கிறவனுக்குப் பேசாமல் இருப்பது ஒரு சலுகை. காலை 4 மணிக்கு மணியோசை கேட்டு எழுவதும், 11 மணிக்கு மதிய உணவை முடித்துவிட்டு மாலையில் பழமும் தேநீருமாக இருந்துவிடுவதும்கூட விரைவில் பழகிவிடும். முதல் மூன்று நாள் மூக்கின் வழியாக வந்து போகும் இயல்பான மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் முதல் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடலில் தோன்றும் உணர்வுகளைப் பார்க்க வேண்டும். அதோடு நாள்தோறும் மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும். சிரமம் அங்கேதான் தொடங்கியது.

என் முழங்கால் வலியை அதுவரை ஒரே திரளாகத்தான் அறிந்திருந்தேன். அசையாமல் பார்த்தபோது சூடு தனியாகவும், அழுத்தம் தனியாகவும், விண்ணென்ற தெறிப்பு தனியாகவும் தோன்றித் தோன்றி மறைந்தன. வலி இருந்தது, 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று அதன்மேல் நானே ஏற்றிவைத்திருந்த புலம்பல் குறைந்தது. எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டுவது பற்றிய சொசைட்டிக் கூட்டங்களில் இது எனக்கு உதவுகிறது. யாராவது என் கணக்கைச் சந்தேகித்துப் பேசினால், அவர் முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிடுவது என் வழக்கம். இப்போது காது மடல் சூடாவதும் நெஞ்சு இறுகுவதும் முதலில் தெரிகின்றன; இரண்டு மூச்சு விட்ட பிறகே பேசுகிறேன். பேச்சின் காரம் அப்படியேதான் இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அதையே அரைத்துக்கொண்டிருப்பது நின்றுவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது; அதை மருத்துவர் குறைக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

இம்முறையை இந்தியாவில் பரப்பிய எஸ். என். கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலியோடு ரங்கூனில் தியானம் கற்பித்துவந்த ஊ பா கின்னிடம் போனபோது, தலைவலியைப் போக்கிக்கொள்ள மட்டும் வருவதானால் கற்றுத்தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டதாகக் கோயங்காவே கூறியிருக்கிறார். அந்த ஊ பா கின் பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர் என்று அறிந்ததும், லெட்ஜர்களோடு வாழ்ந்த எனக்கு அவர்மீது ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது. கோயங்கா இந்தியாவில் நடத்திய முதல் முகாம் 1969இல் நம் மும்பையில்தான் நடந்தது. முகாமுக்கு இன்றுவரை கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

செம்பூர், மருத்துவமனைச் செவிலியர்:

மாட்டுங்கா ஐயாவைப் போலப் பத்து நாள் ஒதுக்குவதற்கு, இரவுப் பணியும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள எனக்கு வழியில்லை. ஊருக்குப் போயிருந்தபோது, பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷி நிறுவிய அறிவுத்திருக்கோயிலுக்கு அம்மா என்னை அழைத்துச் சென்றார். அங்கே மனவளக்கலை என்ற அவருடைய தியானப் பயிற்சியில் தீட்சை பெற்றேன். புருவ மத்தியில் கவனம் வைப்பது ஆக்கினைத் தவம். தலை பாரமாகத் தோன்றினால் கவனத்தை முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கிக்கொள்வது சாந்தி தவம். இரவுப் பணி முடிந்து ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே சாந்தி தவம் செய்துவிடுகிறேன். பெண்கள் பெட்டியின் இரைச்சலும் நிலைய அறிவிப்பும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால், வார்டில் நடந்தவை வரிசையாக ஓடாமல் முன்பைவிடச் சீக்கிரம் தூக்கம் வருகிறது.

இது எனக்கு நேர்ந்தது. எல்லோருக்கும் நேரும் என்று சொல்ல மாட்டேன். 2014இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, 47 சோதனைகளில் பங்கேற்ற 3,515 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை தியானத்தால் ஓரளவு குறைவதற்கு மிதமான சான்று இருப்பதாக அது கூறியது. தூக்கத்துக்கு அத்தகைய சான்று கிடைக்கவில்லை. மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை. ஆகவே, மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகும் முன் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். அங்கே விண்ணப்பத்திலேயே இதைக் கேட்பார்கள், மறைக்கக் கூடாது.

தாராவி, தையற்கடை வைத்திருப்பவர்:

உடற்பயிற்சியைவிடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று செம்பூர் அக்கா சொன்னதைப் படித்து எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் என்னால் தியானத்தில் உட்கார முடியவில்லை. நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் முதுகு, மறுபடியும் உட்கார் என்றால் முரண்டு பிடிக்கிறது. கண்ணை மூடினால் பாக்கி வைத்தவர்களின் முகங்கள்தான் வரிசையாக வருகின்றன. சிவாஜி பார்க்கைச் சுற்றி நடப்பதே எனக்கு ஒத்துவருகிறது.

என் மகளின் கதை வேறு. கோராயில், 2009இல் திறக்கப்பட்ட விபாசனா பகோடாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம். தூண் ஒன்றுகூட இல்லாத அந்தக் குவிமாடத்தின் கீழ் ஏறத்தாழ 8,000 பேர் உட்காரலாம். முகாம் முடித்தவர்களே உள்ளே உட்காரலாம் என்பதால் நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். பார்வையாளர்களுக்கென்று தனியாக, கட்டணமில்லாமல், மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா பயிற்சியைச் சிறிது நேரம் சொல்லித்தருகிறார்கள். அதை அவள் பிடித்துக்கொண்டாள். தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்கிறவள், இப்போது சீருடை போட்ட பிறகு சற்று நேரம் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறாள். வயிற்றுவலி இன்னும் சில நாள் வருகிறது, ஆனால் அதற்காகத் தேர்வுக்குப் போகாமல் இருந்ததில்லை.