பெரியவளவு குடும்பம்: சனிக்கிழமை யார் யார் வருகினம்?

செவ்வாய்

பெரியப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். வரும் சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு யாழ்ப்பாணக் கம்பஸ் நூலகத்தில் பொதுப் பேச்சு. விடயம் உள்ளூராட்சியும் குடிமக்களும். பொதுமக்களும் வரலாம், கட்டணம் இல்லை, கடைசியில் கேள்வி நேரம் உண்டு. எங்கள் வளவிலிருந்து நாலு பேராவது போய் முன்வரிசையில் இருக்க வேணும். போன முறை பேச வந்த மனுசன் பாவம், வெறும் கதிரைகளுக்குத்தான் பேசினார்.

நிரோ: ஓம் பெரியப்பா

பெரியம்மா: சனிக்கிழமை உங்கள் ஐயாவின் திவசம்.

பெரியப்பா: தெரியும். ஐயர் 10 மணிக்கு வருவார். படைத்துச் சாப்பிட 1 மணி. பிறகு போகலாம்.

பெரியம்மா: ஏனம் கழுவுறது ஆர்?

லண்டன் மாமி: லைப்ரரி என்றால் எரிச்ச லைப்ரரியோ பெரியண்ணை

துசி: மாமி அது பொது நூலகம். இது திருநெல்வேலியில், கம்பஸுக்கு உள்ளே

லண்டன் மாமி: ஓ. நான் போய்க் கனகாலம்

பெரியப்பா: நல்ல கேள்வி. பிள்ளைகளும் தெரிந்து வைத்திருக்க வேணும். 1981 யூன் முதலாம் திகதி விடியுமுன் எரிந்தது பொது நூலகம், சுமார் 97,000 நூல்கள். இது பல்கலைக்கழக நூலகம். 1974இல் வளாகமாகத் தொடங்கியபோது பேராசிரியர் கைலாசபதிதான் முதல் தலைவர். அதற்கு முதல் அந்தக் காணியில் இருந்தது சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி. அதனால்தான் இன்றைக்கும் பரமேஸ்வராச் சந்தி என்கிறோம். இனி அரசியலுக்கு வருவோம். 1931இல் இலங்கையில் முதன்முதலாக எல்லோருக்கும் வாக்குரிமை, பெண்களுக்கும்தான். அந்த முதல் தேர்தலிலேயே யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நான்கு தொகுதியிலும் ஒருவரும் வேட்புமனு போடவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது, பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியல் திட்டத்தில் முழுச் சுயராச்சியம் இல்லை என்று. 1927இல் காந்தியை இங்கே அழைத்ததும் அவர்கள்தான். அது சரியான முடிவா பிழையான முடிவா என்று இன்றைக்கும் ஆட்கள் பிடுங்குப்படலாம். ஆனால் வாசகசாலைத் திண்ணையில் இருந்து கதைத்து முடிவெடுத்த சமூகம் இது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் குட்மோர்னிங் பூ அனுப்புகிறோம்.

சித்தப்பா: (ரோசாப்பூப் படம்) இனிய காலை வணக்கம் உறவுகளே

நிரோ: அப்பா மேலே வாசிச்சிட்டுப் போட்டிருக்கலாம்

குமரன் கனடா: அப்பா பந்தி பிரிச்சுப் போடுங்கோ. இங்கே இரவு, கண் தெரியேல்லை

லண்டன் மாமி: குமரன் முழிப்போ? உரும்பிராய்ப் பிள்ளையின் சாதகம் அனுப்பினேன், பார்த்தியோ

குமரன் கனடா: நித்திரை மாமி

லண்டன் மாமி: இப்ப கதைச்சனியே

பெரியம்மா: பொருத்தம் ஏழு இருக்காம். செவ்வாய் இல்லை.

லண்டன் மாமி: பிள்ளை கணக்காளர். தாய்க்காரி என்னோடு படிச்சவ

பெரியப்பா: அதைப் பிறகு கதைப்போம். பேச்சுக்கு யார் யார் வருகிறீர்கள்?

புதன்

பெரியப்பா: நேற்றைய கேள்விக்கு நிரோ ஒருவன்தான் பதில் போட்டிருக்கிறான்.

துசி: பெரியப்பா நான் அங்கேதான் படிக்கிறேன், சனிக்கிழமையும் அங்கேயோ

பெரியப்பா: படிக்கிற பிள்ளைகள்தான் முதல் வர வேணும். விளக்கம் சொல்கிறேன். 2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2023 மார்ச் 9 என்று குறித்தார்கள், காசு இல்லை என்று தள்ளிப் போட்டார்கள். சபைகள் கலைந்து, செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தல் நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6 அன்று நடந்தது. அது வரைக்கும் எங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இல்லை, அதை ஒருவரும் கவனிக்கவும் இல்லை. லைட் எரியாவிட்டால் மட்டும் ‘ஆரிட்டைச் சொல்றது’ என்பீர்கள். மாகாண சபை கதை வேறு. 2013 செப்டம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு

பெரியப்பா: கை பட்டுப் போய்விட்டது. அதன் பிறகு தேர்தலே இல்லை.

நிரோ: பெரியப்பா நீங்களே பேசலாம் அங்கே

பெரியம்மா: இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது. குசினியில் இருக்கிற நான் குழுவில் சொல்ல வேண்டிக் கிடக்கு.

துசி: கேள்வி நேரத்தில் எங்கள் ஒழுங்கை வெள்ளத்தைக் கேட்கலாமே. ஒவ்வொரு கார்த்திகையும் முழங்கால் அளவு தண்ணீர். என் சப்பாத்து போன வருசம் மிதந்தது

நிரோ: அது பேச்சாளரிடம் கேட்கிற கேள்வியோ

துசி: தகவல் உரிமைச் சட்டம் பற்றியும் கதைப்பார்களாம். 2016, இலக்கம் 12. குடிமகனாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும்

பெரியப்பா: கெட்டிக்காரி.

லண்டன் மாமி: அப்ப நானும் கேட்கலாமோ

குமரன் கனடா: மாமி உங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்

துசி: ஒழுங்கையின் பதிவு அகலம் எவ்வளவு, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று ஒரு கடிதம் போட்டால் போதும். பதிவைப் பார்த்தால் வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று தெரிஞ்சிடும்

நிரோ: துசி

துசி: என்ன

நிரோ: மதில்

லண்டன் மாமி: ஐயோ

குமரன் கனடா: சித்தப்பா வாசிச்சிட்டார், நீலக் கோடு விழுந்திட்டுது

பெரியம்மா: மழைக்கு முதல் ஓட்டைப் பார்க்க வேணும், ஆராவது மேசனைத் தெரியுமோ?

சித்தப்பா: மதில் கட்டும்போது அண்ணை கதிரை போட்டு இருந்து பார்த்தவர். நில அளவைப் படம் என்னிடம் இருக்கிறது. ஐயா வேலி போட்ட இடத்தில்தான் மதில் நிற்கிறது.

பெரியப்பா: தம்பி, நான் மதிலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பேசியது உன் மகள்.

சித்தப்பா: சொல்லிக் கொடுத்தது ஆர் என்று தெரியும்.

துசி: அப்பா எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. உண்மையாகவே வெள்ளத்தைத்தான் கேட்டேன்

பெரியப்பா: ஐயாவின் வேலியில் கிளுவை நின்றது. அது வளைந்து வளைந்து வளர்ந்தது. எந்தக் கிளுவையை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

லண்டன் மாமி: ரெண்டு பேரும் நிற்பாட்டுங்கோ. ஐயாவின் திவசம் வருது. சின்னண்ணை இந்த முறையும் வராமல் விடாதேங்கோ, நான் வீடியோவில் பார்ப்பேன்

பெரியம்மா: கத்தரிக்காய் என்ன விலை போகுது நிரோ?

நிரோ: பார்க்கிறேன் பெரியம்மா

வெள்ளி

பெரியப்பா: நாளை மறக்க வேண்டாம். வாசலில் காவலாளி கேட்டால் காட்ட அடையாள அட்டை கொண்டு வாருங்கள். இராமநாதன் வீதிப் பக்கம் வந்தால் கிட்ட. துசி இடம் பிடித்து வைப்பாள். நிரோ மோட்டார் சைக்கிளில் ஓர் ஆளைத்தான் ஏற்றலாம், மற்றவர்களுக்கு ஓட்டோ.

நிரோ: ஓட்டோவுக்கு எத்தனை பேர் என்று சொன்னால்தான் சொல்லி வைக்கலாம்

பெரியப்பா: நான், நீ, துசி. இன்னும் ஒருவர்.

குமரன் கனடா: சூமில் போடமாட்டினமோ அப்பா

பெரியப்பா: சூமில் இருந்து கேள்வி கேட்டால் மைக்கை மூடிவிடுவார்கள்.

லண்டன் மாமி: பெரியண்ணை எழும்பி நீட்டி முழக்காதேங்கோ. கேள்வி ஒரு வரி

பெரியப்பா: என் கேள்வி எழுதி வைத்தாகிவிட்டது. மூன்று பக்கம்.

நிரோ: பெரியப்பா

பெரியப்பா: சிறிய எழுத்தில்.

துசி: ஒழுங்கை விசயம் கேட்கவோ விடவோ? நான் இன்னும் எழுதவில்லை

பெரியப்பா: கேள். பெயர், இடம் சொல்லாமல் பொதுவாகக் கேள்.

லண்டன் மாமி: வேண்டாம் பிள்ளை, திவசத்தன்று

சித்தப்பா: பேச்சு 3 மணி என்றால் இரண்டரைக்கு அங்கே நிற்க வேணும். பிந்திப் போனால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காது.

நிரோ: அப்பா நீங்களும் வாறியளோ?

குமரன் கனடா: சித்தப்பா?

லண்டன் மாமி: ஒன்லைனில் நிற்கிறார். எழுதுறார்

குமரன் கனடா: எழுதி அழிச்சிட்டார்

நிரோ: பெரியம்மா நான் சந்தைக்குள் நிற்கிறேன். வாழையிலை எத்தனை எடுக்க?

பெரியம்மா: பதினைஞ்சு எடு. மிஞ்சினால் பரவாயில்லை.