2010 உலகக் கோப்பை ஆட்டங்களை அந்த ஊதுகுழல் இரைச்சல் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

நடுராத்திரி ரசிகன்:

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. பையனுக்குக் கால்பந்துக் கிறுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் பழைய உலகக் கோப்பை ஆட்டங்களை ஒவ்வொன்றாக முழுசாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். 1998 ஆயிற்று, 2006 ஆயிற்று, எந்தப் பிரச்சினையும் இல்லை. 2010 கானா - உருகுவே காலிறுதியைப் போட்ட அன்றுதான் வம்பு. தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் ரசிகர்கள் ஊதித் தள்ளிய வுவுசெலா என்ற பிளாஸ்டிக் ஊதுகுழலின் இரைச்சல்தான் காரணம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அம்மா எழுந்து வந்து ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். பையன் "மியூட் பண்ணுப்பா" என்கிறான். கூடுதல் நேரத்தின் கடைசியில் உருகுவேயின் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று பந்தைக் கையால் தட்டிவிட்டு, சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது, கானாவின் கியான் பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்ததைப் பார்த்து அவர் துள்ளிக் குதித்த ஆட்டம் அது. அதைப் போய் மியூட்டில் பார்ப்பதா?

மடிக்கணினியிலிருந்து டி.வி.க்கு ஹெச்டிஎம்ஐ, அங்கிருந்து சவுண்ட்பார். விஎல்சி பிளேயரின் ஈக்குவலைசரில் (ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் வசதி) 170, 310, 600 ஹெர்ட்ஸ் மூன்றையும் இறக்கிப் பார்த்தேன். வர்ணனையாளர் குரல் சோகையாகிவிட்டதே தவிர, வுவுசெலா அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

அப்புறம் இன்னொன்று. அப்போது நேரலையில் ராத்திரி 12 மணி ஆட்டமெல்லாம் கண் விழித்துப் பார்த்தவன் நான். அன்றைக்கும் இவ்வளவு தொல்லையாகவா இருந்தது, இல்லை எனக்குத்தான் வயசாகிவிட்டதா?

வால்வு ரேடியோ:

வயசெல்லாம் இல்லை சார், அன்றைக்கும் இதே பாடுதான். பிபிசிக்கு முதல் சில நாட்களிலேயே 500க்கும் மேல் புகார் போனது. பிரான்சில் கனால் பிளஸ் சேனல் அந்தச் சத்தத்தை வடிகட்டிய ஒலியையே தனியாகக் கொடுத்தது.

உங்கள் ஈக்குவலைசர் ஏன் வேலை செய்யவில்லை என்றால், விஎல்சியில் இருக்கும் ஒவ்வொரு பட்டையும் ரொம்ப அகலம். 310ஐ இறக்கினால் அதற்கு இருபுறமும் இருப்பதெல்லாம் சேர்ந்து இறங்கும், மனிதக் குரலின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. வுவுசெலாவுக்கு விரல் வைக்கும் துளை கிடையாது, சுமார் 65 செ.மீ. நீள பிளாஸ்டிக் கூம்பு, அவ்வளவுதான். ஆகவே கிட்டத்தட்ட ஒரே சுரம்தான் வரும், 233 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அதன் மடங்குகள் 466, 699, 932, 1165 என்று மேலே போகும். உண்மையில் காதைக் குடைவது அடிச்சுரம் இல்லை, இந்த மேல் மடங்குகள்தான். அதனால் அந்தந்த இடத்தில் மட்டும் ஊசி குத்தினாற்போல் வெட்ட வேண்டும். இதற்குப் பெயர் நாட்ச் ஃபில்டர்.

விண்டோஸ் என்றால் ஈக்குவலைசர் ஏபிஓ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, கணினியிலிருந்து வெளியே போகும் எல்லா ஒலியையும் அது பிடித்துக்கொள்ளும், எந்த பிளேயரில் பார்த்தாலும் சரி. நிறுவும்போது எந்த வெளியீடு என்று கேட்கும், அங்கே ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன ஐந்து எண்களுக்கும் ஆளுக்கொரு நாட்ச் போடுங்கள். கியூ என்று ஒரு அளவு இருக்கும், அது கூடக் கூட வெட்டு குறுகும். 20இலிருந்து தொடங்கி, இரைச்சல் மிச்சமிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழுசாகப் போகாது. ஆயிரக்கணக்கான ஆட்கள் ஆளுக்கொரு விதமாக ஊதுகிறார்கள், 233இலேயே எல்லாரும் நிற்பார்களா? கொஞ்சம் ரீங்காரம் மிஞ்சத்தான் செய்யும்.

5.1 ஒலியுள்ள, அதாவது நடு, பக்கம், பின்பக்கம் என்று ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒலி தனித்தனியாக வரும் பிரதி கையில் இருந்தால் இவ்வளவு கஷ்டமே வேண்டாம். வர்ணனை பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும், மற்றதைக் குறைத்துவிட்டால் போதும். அரங்கச் சத்தத்துக்குத் தனி மைக், வர்ணனைக்குத் தனி மைக். வர்ணனையாளர்கள் பலர் உதட்டோடு ஒட்டிப் பிடிக்கும் மைக்கில் பேசுவார்கள், அதில் வெளிச்சத்தம் அவ்வளவாக ஏறாது.

2010இல் 2.95 யூரோவுக்கு ஒரு எம்பி3 விற்றார்கள் தெரியுமா? டி.வி. பக்கத்தில் அதை ஓடவிட்டால் வுவுசெலா சத்தத்தை எதிர் அலையால் ரத்து செய்துவிடுமாம். சுத்த ஏமாற்று. எதிர் அலையால் ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் அதன் ஏற்ற இறக்கத்தோடு கணத்துக்குக் கணம் பொருந்த வேண்டும், முன்கூட்டிப் பதிந்து வைத்த சத்தத்தால் அது நடக்கிற காரியமா?

ஜோபர்க் வாசி:

எல்லாரும் சேர்ந்து அதைக் கொசு மாதிரி அடிக்கிறீர்களே. நான் இங்கே ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்த புதிதில் உள்ளூர் லீக் ஆட்டம் பார்க்கப் போனேன், கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரேட்ஸும். சுரங்கத் தொழிலாளர் ஹெல்மெட்டை வெட்டி வளைத்து, வண்ணம் அடித்து, மகராபா என்று தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் இந்த ஊதுகுழலை ஒரே மூச்சாக ஊதுவதில்லை. ஒரு பக்கம் நாலு தட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து பதில், நடுவில் பாட்டு. உலகக் கோப்பைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் விமான நிலையத்தில் வாங்கி அன்றைக்குத்தான் முதல்முறை வாயில் வைத்தவர்கள்? தாளம் எங்கிருந்து வரும்? டி.வி.யில் நீங்கள் கேட்டது அதைத்தான்.

யார் கண்டுபிடித்தது என்பதிலேயே இங்கே இன்னும் சண்டை. கைசர் சீஃப்ஸ் ரசிகர் ஃப்ரெடி மாகே, சைக்கிள் ஹார்னிலிருந்து தான்தான் செய்தேன் என்று சொல்லிவந்தார். இங்குள்ள ஷெம்பே என்ற திருச்சபைக்காரர்கள் எங்கள் வழிபாட்டுக் குழல் அது என்கிறார்கள். 2001 வாக்கில் பிளாஸ்டிக்கில் வார்த்து மொத்தமாக விற்க ஆரம்பித்தவர் நீல் வான் ஸ்கால்க்விக். இங்கே நடந்த 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையிலேயே ஸ்பெயின் வீரர் சாபி அலோன்சோ தடை செய்யச் சொன்னார், ஒளிபரப்பாளர்களும் முனகினார்கள். ஆப்பிரிக்காவில் நடக்கும் உலகக் கோப்பையை ஐரோப்பிய மயமாக்கக் கூடாது என்று அப்போதைய ஃபிஃபா தலைவர் பிளாட்டர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் கொஞ்சம்தான், இது அதில் ஒன்று.

காதுக்குக் கெடுதல் என்றால் மறுக்கவில்லை. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அளந்தபோது குழல் வாயருகே 131 டெசிபல், இரண்டு மீட்டர் தள்ளி 113. பக்கத்து இருக்கைக்காரனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

இடது பின்காவல்:

ஜோபர்க் அண்ணே, அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது திருவிழாதான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் டி.வி. பார்ப்பவன் கதை வேறு. சத்தம் அதிகம் என்பது என் புகாரே இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை என்பதுதான். நாம் எப்போதும் திரையையேவா பார்த்துக்கொண்டிருக்கிறோம்? தோசையைத் திருப்பிப் போடுகிறோம், போனை நோண்டுகிறோம். கூட்டம் "ஆ" என்று இழுத்தால் விங்கில் யாரோ ஓட ஆரம்பித்துவிட்டான் என்று காது சொல்லும், ஓடி வருவோம். 2010இல் த்ரோ-இன்னுக்கும் அதே ஊதல், கோலுக்கு முந்தைய நொடிக்கும் அதே ஊதல். ஆஃப்சைடுக்கு விசில் ஊதினார்களா என்பதே பல நேரம் தெரியவில்லை. ஆடுகிறவர்களுக்கும் அப்படித்தான், களத்தில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே முடியவில்லை என்று மெஸ்ஸி சொன்னார்.

2020இல் கொரோனா சமயத்தில் காலி அரங்கத்தில் ஆடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிரீமியர் லீக் ஒளிபரப்பில் வீடியோ கேம் கம்பெனியிடமிருந்து ரசிகர் சத்தத்தை வாங்கி மேலே ஒட்டினார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து பந்து பெனால்டி பெட்டிக்குள் போனால் சத்தத்தை ஏற்றி, வெளியே போனால் இறக்கிக்கொண்டிருந்தார். போலிதான், பாதி நேரம் அரை நொடி தாமதமாக வரும். ஆனாலும் அதைப் போட்டுத்தான் பார்த்தேன், ஏனென்றால் அது என்னிடம் ஏதோ சொன்னது. வுவுசெலா எதையும் சொல்லவில்லை.

ஜோபர்க் வாசி:

தம்பி, அது நியாயம்தான். இங்கேயே வயசான ரசிகர்கள் சிலர் இந்தக் குழல் வந்ததும் பாட்டு செத்துவிட்டது என்று புலம்புவார்கள். 1996 ஆப்பிரிக்கக் கோப்பையை தென்னாப்பிரிக்கா ஜெயித்தபோது அந்த கானா - உருகுவே ஆட்டம் நடந்த இதே ஜோகன்னஸ்பர்க் மைதானத்தில் ஷோஷொலோசா என்ற பாட்டைப் பாடியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஆனால் 2010 செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா வுவுசெலாவுக்குத் தடை போட்டபோது, ஐரோப்பிய ரசிகர் பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல். எங்கள் காது வலிக்கிறது என்று நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நடுராத்திரி ரசிகன்:

எல்லாருக்கும் நன்றி. வால்வு ரேடியோ சொன்னபடி ஐந்து நாட்ச் போட்டேன். ஹெச்டிஎம்ஐ விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பேன். கியூவை 12க்குக் கொண்டுவந்த பிறகு இரைச்சல் நன்றாகவே அடங்கியது. 466ஐயும் 699ஐயும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் அந்த இரண்டில்தான் தெரிகிறது. வர்ணனையாளர் குரலில் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. இடது பின்காவல் சொன்னதும் சரி, ஊதல் இறங்கிய பிறகு அடியில் கூட்டத்தின் குரல் மெல்லக் கேட்கிறது. முன்பு அது இருந்ததே தெரியவில்லை.

பெனால்டி ஷூட்-அவுட் வரை பையன் அசையாமல் பார்த்தான். உருகுவேயின் அப்ரேயு கடைசிப் பந்தை நிதானமாக நடுவில் தூக்கிப் போட்டதும் அப்படியே எழுந்து நின்றுவிட்டான். இப்போது வீட்டில் வேறு பஞ்சாயத்து. சுவாரெஸ் செய்தது தப்பே இல்லை, அட்டை கொடுத்தார்கள், பெனால்டியும் கொடுத்தார்கள், கணக்குத் தீர்ந்தது என்று வாதாடுகிறான். அம்மா வேறு அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். அதற்குத் தனித் திரி தொடங்குகிறேன், வாருங்கள்.

வால்வு ரேடியோ:

கியூ 12 கொஞ்சம் அகலம், 15க்கு ஏற்றிப் பாருங்கள், சளி குறையும். சுவாரெஸ் திரிக்கு நான் வரவில்லை.