முழுத்தூர ட்ரையத்லனுக்கு யாழ்ப்பாணத்தில ஒரு கிழமைப் பயிற்சி: எப்பிடிப் பிரிக்கிறது?

பண்ணைவீதி (கேள்வி):

வணக்கம். நவம்பரில மலேசியாவின்ர லங்காவித் தீவில போட்டி: 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். இன்னும் 16 கிழமை இருக்கு. அரைத்தூரம் செய்த உடம்பு, இப்ப கிழமைக்கு 8 மணித்தியாலம் மட்டில பயிற்சி. வேலை திங்கள் தொடக்கம் வெள்ளி, 8.30 இலிருந்து 5 வரை. நீச்சலில 400 மீற்றர் 8 நிமிசம் 20 செக்கன், 200 மீற்றர் 4 நிமிசம். சைக்கிளில பவர் மீற்றர் (உழக்குற வலுவை அளக்கிற கருவி) இல்லை, நெஞ்சில கட்டுற இதயத்துடிப்புப் பட்டி மட்டும்தான்.

இணையத்தில கிடைக்கிற அட்டவணை எல்லாம் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதினது. "மலைப்பாதையில 3 மணித்தியாலம்" எண்டு போட்டிருக்கு, இங்க மலைக்கு எங்க போறது? கிழமையை எப்பிடிப் பிரிக்கிறது, சோளகக் காத்துக்குள்ள நீளச் சைக்கிளுக்கு எந்தப் பாதை, கடல் நீச்சல் எங்க நல்லது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

உழக்கி:

தம்பி, பாதை பிறகு. முதல் கணக்கு. 8 மணித்தியாலத்தை 14 மட்டுக்குக் கொண்டுபோகலாம். வேலைக்குப் போற ஆள் அதுக்கு மேல போனால் நித்திரையிலதான் கை வைக்கவேண்டி வரும். கிழமைக்கு 45 நிமிசத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை கூட்டுங்கோ. மூண்டு கிழமை ஏத்தி, நாலாவதில மூண்டில ஒரு பங்கைக் குறைக்கவேணும். அந்தக் கிழமையைத் தவறவிடுற ஆக்களுக்குத்தான் கெண்டைக்காலும் முழங்காலின்ர வெளிப்பக்கமும் முதல்ல நோகத் தொடங்கும்.

உச்சத்தில ஒரு கிழமை இப்பிடி வரும். திங்கள் ஒண்டுமில்லை. "லேசா ஒரு சின்ன ஓட்டம்" எண்டு அதுக்குள்ள ஒண்டையும் செருகவேண்டாம்.

செவ்வாய் விடிய 4.45க்கு சைக்கிள், 90 நிமிசம். 20 நிமிசம் உடம்பைச் சூடாக்கிப்போட்டு, காத்துக்கு எதிரா நாலு தரம் 10 நிமிசம். பாரமான கியரில, நிமிசத்துக்கு 55–60 சுத்து, இடையில 5 நிமிசம் லேசா. உங்கட மலை இதுதான். ஏற்றத்தில காலிட்டைக் கேக்கிறதும் இதே விசைதான். (சங்குப்பிட்டிப் பாலத்தில ஏறி இறங்கிப்போட்டு மலை ஏறினது எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ.) முழங்காலின்ர முன்பக்கம் நொந்தால் அனேகமா சீற் பதிஞ்சிருக்கும். 3–5 மில்லிமீற்றர் உயர்த்தி, சுத்தையும் 70க்குக் கூட்டிப் பாருங்கோ. பின்னேரம் 40 நிமிசம் லேசான ஓட்டம்.

புதன் விடிய நீச்சல் 3000 மீற்றர். 400 லேசா, நுட்பப் பயிற்சியோட 8 தரம் 50, பிறகு 10 தரம் 200, கடைசியா 200 ஆறுதலா. உங்கட 400 நேரத்திலிருந்து 200 நேரத்தைக் கழிச்சு ரெண்டால் பிரிச்சால் 130 செக்கன், அதாவது 100 மீற்றருக்கு 2 நிமிசம் 10. அதுதான் உங்கட எல்லை வேகம், களைச்சு விழாமல் கனநேரம் தாங்கக்கூடிய ஆகக்கூடின வேகம். 200ஐ 4 நிமிசம் 25இல அடிச்சு 20 செக்கன் ஆறுங்கோ. முதல் மூண்டை 4.15இல அடிச்சுப்போட்டு கடைசி மூண்டு 4.45க்குப் போகுதெண்டால் வேகத்தைப் பிழையாப் பிடிச்சிருக்கிறியள். இரவு 30 நிமிசம் வலுப் பயிற்சி: ஒற்றைக்கால் குந்தல், குதிக்கால் உயர்த்தல். குதிக்காலை முழங்கால் நிமிர்த்தி 3 தரம் 15, மடிச்சும் 3 தரம் 15. மடிச்சுச் செய்யிறதை எல்லாரும் விட்டுடுறவை. அதுதான் கெண்டையின்ர அடித்தசைக்கு.

வியாழன் ஓட்டம் 80 நிமிசம், நடுவில 3 தரம் 12 நிமிசம், போட்டியில ஓட நினைக்கிற வேகத்திலும் கிலோமீற்றருக்கு 30 செக்கன் கெதியா, இடையில 4 நிமிசம். வெள்ளி விடிய 45 நிமிசம் லேசான நீச்சல், பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலைச் சும்மா சுத்துற சைக்கிள்.

சனி 4.30க்கு வெளிக்கிட்டு 5 மணித்தியாலம் சைக்கிள், இறங்கின கையோட 20–25 நிமிசம் ஓட்டம். ஞாயிறு விடிய 2 மணித்தியாலம் ஓட்டம், வேகமில்லாமல். சைக்கிளை ரெண்டு மூண்டு தரம் 6 மணித்தியாலம் வரைக்கும் கொண்டுபோகலாம். ஓட்டத்தை இரண்டரைக்கு மேல விடாதேங்கோ, அதுக்கு மேல கிடைக்கிற லாபத்தைவிடக் கால் ஆற எடுக்கிற நாள் கூட.

துடிப்புக் கணக்கு: தனிய 30 நிமிசம் ஏலுமானவரை உழக்கி, கடைசி 20 நிமிசத்தின்ர சராசரியை எடுங்கோ. அது 165 எண்டு வந்தால் சனிக்கிழமைச் சைக்கிள் 132 தொடக்கம் 145க்குள்ள இருக்கவேணும். செவ்வாய் 10 நிமிசங்களில மானியைத் துரத்தவேண்டாம். துடிப்பு ஏற ரெண்டு மூண்டு நிமிசம் பிந்தும், அதுக்குள்ள காலை எரிச்சுப்போடுவியள்.

இன்னொண்டு. சமதரை எண்டபடியால் சுகம் எண்டு நினைக்கிறது பிழை. இறக்கம் உள்ள ஊரில காலை ஆறவிடலாம், எழும்பி நிண்டு நாரியை நிமிர்த்தலாம். இங்க 5 மணித்தியாலம் எண்டால் 5 மணித்தியாலமும் உழக்கவேணும், ஒரே இருப்பில. 20 நிமிசத்துக்கு ஒருக்கா 15 செக்கன் எழும்பி உழக்குறதைப் பழக்கமாக்குங்கோ, இல்லாட்டிப் பிடரியும் நாரியும் பிடிச்சு ஓட்டத்தில நிமிர ஏலாது. நாங்கள் இங்க பழக ஏலாத ஒண்டு இறக்கத்தில பிறேக் பிடிச்சு வளையுறது. அதுக்கு ஒரு சனி ஞாயிறு மாத்தளை, கண்டிப் பக்கம் போய்த்தான் ஆகவேணும்.

சில்லுச்செயின்:

பாதைக்கு: சோளகம் தென்மேற்கிலிருந்து வருது. பண்ணைப் பாலத்தால வெளிக்கிட்டு வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் எண்டு போனால் போகேக்க எதிர்க்காத்து, வரேக்க முதுகுக்காத்து. ஒரு பக்கம் 30 கிலோமீற்றர் கிட்ட. ரெண்டு தரம் போய்வந்தால் 120. காத்துக்கு எதிரா 20க்கும் திரும்பேக்க 34க்கும் போகும், ரெண்டுக்கும் துடிப்பு ஒண்டா இருந்தால் சரி. தாம்போதிகளில நிழலும் இல்லை, கடையும் இல்லை, ரெண்டு பக்கமும் தண்ணிதான். மூண்டு போத்தல் இல்லாமல் போகவேண்டாம். குறுக்குக்காத்து இழுக்கும், முன்சில்லுக்கு ஆழமான றிம் போடாதேங்கோ.

ரயர் 28 மில்லிமீற்றர் அகலத்தில போடுங்கோ. 75 கிலோ ஆளுக்குக் காத்தழுத்தம் 65–75 பீஎஸ்ஐ காணும், 100 அடிச்சால் எங்கட றோட்டில கை விறைக்கும், வேகமும் கூடாது. காத்துப் போனால் புது ரியூப் போடமுதல் பழைய ஓட்டையைப் பாருங்கோ. பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை எண்டால் காத்துக் காணாமல் றிம் கடிச்சது. உட்பக்க ஓட்டை எண்டால் றிம் நாடா விலகியிருக்கு. வெளிப்பக்க ஒற்றை ஓட்டை எண்டால் நெருஞ்சி முள்ளோ கம்பித் துண்டோ இன்னும் ரயருக்குள்ள நிக்குது. துணியால உள்ளுக்கு ஒரு சுத்துத் துடைச்சால் துணியில கொழுவும், விரலை விட்டுத் தேடினால் விரல் வெட்டும்.

உப்புக்காத்துக்குள்ள போய்வந்த அண்டைக்கே நல்ல தண்ணியால கழுவித் துடைச்சு செயினுக்கு எண்ணெய் விடவேணும். அடிமட்டத்தால 12 அங்குலம் பிடிச்சுப் பாருங்கோ, ஊசி பதினாறில ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாத்துறது மலிவு. விட்டால் பல்லுச்சில்லும் சேர்ந்து போகும்.

வடகடல்:

கடல் நீச்சலுக்குச் சோளக காலத்தில வடகரைதான், காரைநகர் கசூரினாக் கடற்கரைப் பக்கம். காத்து தரையிலிருந்து வாறபடியால் தண்ணி தட்டையா இருக்கும். ஆனால் அதுதான் ஆபத்தும்: களைச்சு நிண்டால் காத்து உங்களை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும், கரைக்கு இல்லை. ஆகவே நேர வெளிய போய்த் திரும்புற நீச்சல் வேண்டாம். இடுப்பளவு தண்ணியில நிண்டு தொடங்கி, கரைக்குச் சமாந்தரமா, முதல்ல காத்துக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பிறகு திரும்புங்கோ. தனியப் போகவேண்டாம், இடுப்பில கட்டுற மிதவையும் பளிச்செண்ட தொப்பியும் கட்டாயம். மீன்பிடிப் படகுக்காரருக்கு உங்கட தலை தெரியாது. வலை கட்டியிருக்கோ எண்டு விடியவே கரையில கேட்டுப்போட்டு இறங்குங்கோ. வாடைக்காத்துத் தொடங்கினால் உதே கரை குழம்பிப்போகும், அதுக்கு முதல் முடிச்சிடுங்கோ.

ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, வெள்ளிக்கிழமை நீச்சலுக்குப் பதிலா ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு 1500–2000 மீற்றர் காணும். தடாகத்தில 2.10 போற ஆள் கடலில 2.20–2.25 போவார், ஏனெண்டால் வளைஞ்சு போறது. 8 கைவீச்சுக்கு ஒருக்கா கண் மட்டும் தண்ணிக்கு மேல வர நிமிர்ந்து பார்க்கவேணும். தலை முழுக்க எழும்பினால் கால் தாழும். போட்டியை நடத்துற அயன்மேன் நிறுவனத்தின்ர விதியில, தண்ணிச் சூடு 24.5 பாகைக்கு மேல எண்டால் வெற்சூட் (மிதக்க உதவுற றப்பர் நீச்சலுடுப்பு) போட்ட ஆள் பரிசு நிரையில இல்லை, 28.8க்கு மேல போடவே ஏலாது. ஆகவே இங்க வெற்சூட் இல்லாமல் பழகுறது உங்களுக்கு வாய்ப்புத்தான்.

ஆழமில்லாத மணலில காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடவுங்கோ, திருக்கை விலகிப் போகும். முள்ளுக் குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணியில காலை வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

பண்ணைவீதி:

நன்றி அண்ணை, அக்கா. ரெண்டு சந்தேகம். சனிக்கிழமை சைக்கிளுக்குப் பிறகு ஓட்டத்தை ஒரு மணித்தியாலமாக்கினால் கூட நல்லதோ? மற்றது, 3 மணித்தியாலம் தாண்டினால் வயிறு பிரட்டுது. இளநீரும் சீனிச்சத்து ஜெல்லும்தான் எடுக்கிறனான்.

உப்புக்கணக்கு:

வயிறு பிரட்டுறதுக்கு அனேகமா மூண்டு காரணம். ஜெல்லை இனிப்புத் தண்ணியோட சேர்த்து விழுங்கினால் வயித்துக்குள்ள பாகு மாதிரி நிக்கும். ஜெல்லுக்குப் பச்சைத்தண்ணிதான். ரெண்டாவது, வெயில் ஏற ஏற இரத்தம் தோலுக்குப் போகும், அந்த நேரம் வேகத்தைக் குறைக்காட்டி வயித்துக்குச் செமிக்க வழியில்லை. மூண்டாவது இளநீர். அதில பொற்றாசியம் கனக்க, சோடியம் குறைவு. வேர்வையில போறது சோடியம். வீட்டுக்கு வந்து குடிக்க இளநீர் நல்லது, சைக்கிளில அதை மட்டும் நம்பவேண்டாம். ஜீவனி மாதிரி நீரேற்றல் உப்பும் தனியக் காணாது: உலக சுகாதார நிறுவனத்தின்ர கலவையில லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம்தான், அது வயிற்றோட்டத்துக்கு, உழக்க இல்லை.

மலிவான போத்தல்: 750 மில்லிலீற்றர் தண்ணி, 60 கிராம் சீனி, ஒண்டரைக் கிராம் உப்பு (தேக்கரண்டியில கால்), அரைத் தேசிக்காய். சோடியம் 600 மில்லிகிராம் கிட்ட வரும். சீனியில பாதி குளுக்கோசு, பாதி பிறக்ரோசு, குடல் ரெண்டையும் வேற வேற வழியால இழுக்கும், அதனால குளுக்கோசு மட்டும் போட்டதிலும் கூடத் தாங்கும். மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல், கூடவே ஒரு கதலிப்பழம் அல்லது 10 கிராம் பனங்கட்டித் துண்டு ரெண்டு. முதல்ல போத்தலின்ர 60 கிராம் மட்டும், பிறகு ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா பழத்தால அல்லது பனங்கட்டியால 10 கிராம் கூட்டி 80 வரை போங்கோ. குடலுக்கும் பயிற்சி வேணும், அதுக்குத்தான் சனிக்கிழமை.

எவ்வளவு குடிக்கிறது எண்டதுக்கு ஊரார் சொல்லுற கணக்கை விடுங்கோ. உடுப்பில்லாமல் நிறுத்துப்போட்டு ஒரு மணித்தியாலம் உழக்கி, வேர்வையைத் துடைச்சு திரும்ப நிறுங்கோ. குறைஞ்ச கிலோவோட குடிச்ச லீற்றரைக் கூட்டினால் உங்கட வேர்வை. அதில முக்கால் பங்கு குடிச்சால் காணும். நிறை கூடியிருந்தால் கூடக் குடிச்சிட்டியள், அது குறையக் குடிக்கிறதிலும் பொல்லாத ஆபத்து: இரத்தத்தில சோடியம் இறங்கித் தலையிடி, சத்தி, மயக்கம் எண்டு போகும்.

உழக்கி அண்ணைக்கு ஒரு மறுப்பு. சனி 5 மணித்தியாலம், ஞாயிறு 2 மணித்தியாலம் அடுத்தடுத்து எண்டது அரைத்தூரத்திலிருந்து ஏறுற ஆளுக்குக் கூட. பிழைச்ச நடையோட களைச்ச காலில ரெண்டு மணித்தியாலம் ஓடினால் எலும்புதான் அடி வாங்கும்.

உழக்கி:

ஒத்துக்கொள்ளுறன், முதல் 8 கிழமைக்கு. அதுவரை நீள ஓட்டத்தை வியாழன் விடிய 4.30க்கு, 90 தொடக்கம் 105 நிமிசம் வைச்சு, அந்த 12 நிமிசங்களை ஞாயிறு 60 நிமிச ஓட்டத்துக்குள்ள ரெண்டு தரமாக் குறைச்சுப் போடுங்கோ. 9ஆவது கிழமையிலிருந்து ஞாயிறுக்கு மாத்தலாம், ஏனெண்டால் களைச்ச காலில ஓடப் பழகாமல் 42க்குப் போக ஏலாது.

சைக்கிளுக்குப் பிறகு ஒரு மணித்தியால ஓட்டம் வேண்டாம். கால் மாறுறதைப் பழக 20 நிமிசம் காணும், மிச்சம் 40 நிமிசம் வெயிலில ஆறவே மூண்டு நாள் கேக்கும். அந்த 20இல முதல் 10 நிமிசத்தை வேணுமெண்டே ஆறுதலாப் போங்கோ. சைக்கிளால இறங்கின உடன கால் லேசா இருக்கிற மாதிரித் தெரியும், கிலோமீற்றருக்கு 30–40 செக்கன் கெதியாப் போறது விளங்காது. மணிக்கூட்டைப் பார்த்து ஓடுங்கோ.

வெயிலுக்குப் பழக 10–14 நாள் காணும், நீங்கள் அதுக்குள்ளதான் இருக்கிறியள். பாரமான பயிற்சியை விடியவே முடியுங்கோ, செவ்வாய் பின்னேரம் அந்த 40 நிமிச லேசான ஓட்டத்தை மட்டும் 5.15க்கே வெளிக்கிட்டு சூட்டுக்குள்ள ஓடுங்கோ. கடைசி ரெண்டு கிழமை நேரத்தை முதல்ல மூண்டில ரெண்டுக்கும் பிறகு மூண்டில ஒண்டுக்கும் இறக்குங்கோ, செவ்வாய், வியாழன் வேகத்தை மட்டும் விடவேண்டாம், எத்தினை தரம் செய்யிறது எண்டதைக் குறைச்சால் சரி. விடிய 4.30க்குப் போறதெண்டால் பின் லைற் ரெண்டு கட்டுங்கோ, ஒண்டு மினுங்க, மற்றது மினுங்காமல். மினுங்குறது மட்டும் எண்டால் பின்னால வாற வாகனக்காரருக்குத் தூரம் மட்டுப்பிடிக்கிறது கஷ்டம்.