ஒன்றரை மணி நேரக் காட்சியில் பார் விளையாட்டு தாங்குமா?

கேள்வி:
கூட்டம் குறைந்துவிட்டதால் இரண்டரை மணி நேர சர்க்கஸை ஒன்றரை மணியாகச் சுருக்கச் சொல்கிறது நிர்வாகம். ஜோக்கர் துணுக்குகளை வெட்டி, பேண்டுக்குப் பதில் பதிவு இசை போட்டு, பெரிய எல்இடி திரையும் வைக்க வேண்டுமாம். பார் விளையாட்டு (உயரத்தில் ஊசலாடும் பாரிலிருந்து ஒருவர் பறந்து, எதிரே ஊசலாடுபவரின் கையைப் பிடிக்கும் வித்தை) கெடாமல் இதில் எதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம்?

பதில் 1:
ஜோக்கர்களைத் தொடாதீர்கள். அவர்கள் சிரிக்க வைக்கும் நேரத்தில்தான் பின்னால் கம்பி இறுக்குவதும் சாமான் மாற்றுவதும் நடக்கிறது. நான்கு நிமிடத் துணுக்கை வெட்டினால், கூட்டம் அந்த நான்கு நிமிடமும் வெறும் ரிங்கை, அதாவது நடுவிலுள்ள வட்டக் களத்தை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே சாயலில் இரண்டு வித்தை இருந்தால் ஒன்றை எடுங்கள். பார் விளையாட்டை இடைவேளை முடிந்ததும் வையுங்கள். வலை கட்டி இழுவை பார்க்கும் வேலை இடைவேளையிலேயே முடிந்துவிடும்.

பதில் 2:
எனக்குத் திரையைவிடப் பதிவு இசைதான் பயம். டிரம்ஸ்காரர் பிடிப்பவரின் ஊசலைப் பார்த்து வாசிக்கிறார். பறப்பவர் தவறி வலையில் விழுந்தால், மறுபடி ஏணி ஏறி மேடைக்கு வரும்வரை டிரம்ஸ்காரர் உருட்டி வாசித்துக்கொண்டே இருப்பார். பதிவு காத்திருக்காது. பாட்டு முடியப்போகிறதே என்று பறப்பவர் அரை நொடி முந்திக் கிளம்பினால், எதிரே கைகள் வந்து சேர்ந்திருக்காது. டிரம்ஸ்காரர் ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் இசையை மூன்று துண்டாக்குங்கள்: நுழைவு, எவ்வளவு நேரமும் சுழலக்கூடிய நடுத்துண்டு, பிடித்ததும் ஒலிக்கும் முத்தாய்ப்பு. ரிங் நேராகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்து ஒருவர் கையால் இயக்க வேண்டும்.

குட்டிக்கரணத்திலிருந்து விரியும் கணத்தில் பறப்பவரின் கண் பிடிப்பவரின் கைகளைத் தேடும். பின்னால் படம் ஓடினால் கை தெரியாது. அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகவே இருக்கட்டும். வெட்டி வெட்டி அடிக்கும் விளக்கும் வேண்டாம்.

பதில் 3:
பார் தொங்கும் கம்பங்களில் திரையை ஏற்றவே கூடாது. கிடைமட்டத்திலிருந்து விட்ட ஊசல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது கயிற்றில் மூன்று மடங்கு எடை இறங்கும்; 70 கிலோ ஆள் 210 கிலோ. இந்தச் சுமை ஒவ்வொரு வீச்சிலும் ஏறி இறங்குகிறது. திரைக்குத் தனிச் சட்டகம், தனி நங்கூரம்.

ரிங்கை மேடையாக்கவும் சொல்வார்கள். 13 மீட்டர் விட்டம் குதிரை ஓட்டத்துக்காக வந்தது. 1768-ல் லண்டனில் குதிரைக் காட்சி தொடங்கிய, நவீன சர்க்கஸின் முன்னோடி பிலிப் ஆஸ்ட்லியின் வழி. குதிரை போனாலும் வட்டத்தை விடாதீர்கள். அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் 2016-ல் யானைகளை நிறுத்தி, 2017-ல் மூடி, 2023-ல் விலங்குகளே இல்லாமல் திரும்பி வந்தது. விலங்கில்லாமல் சர்க்கஸ் நடக்கும். எதிர்வரிசையில் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பது வட்டத்தில்தான் தெரியும். திரையை ஆட்கள் நுழையும் வாசலுக்கு மேலே நிறுத்தினால் எந்த இருக்கையும் மறையாது.