ஒரு நாடு ‘தயார்’ என்று எதை வைத்துச் சொல்வது?

ரங்கூன் மாணவி கேட்டது:

வணக்கம். தகவல் தொழில்நுட்பத்தை ஏற்றுப் பயன்பெற பர்மா எந்த அளவுக்குத் தயார் என்று பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உலகப் பொருளாதார மன்றம் 2014இல் வெளியிட்ட பட்டியலில் 148 நாடுகளில் நமக்கு 146ஆவது இடம். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் கழித்து, பாட்டி உட்பட எங்கள் வீட்டில் எல்லார் கையிலும் போன். பாட்டி மோல்மேன் சித்தியோடு வீடியோவில் சண்டை போடுகிறார். அப்படியானால் அந்த எண் தப்பா? அனுபவம் உள்ள அண்ணன்மார், ஐயாமார் சொல்லுங்கள்.

பெகு போன்கடை:

தங்கச்சி, நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பெகுவில் போன் ரிப்பேர் பார்க்கிறேன். அந்த எண் தப்பில்லை, பழசு, அவ்வளவுதான். பட்டியல் வந்தது ஏப்ரலில். ஊரிடூ என்ற வெளிநாட்டு போன் கம்பெனி வந்தது அதே வருஷம் ஆகஸ்டில், டெலினார் என்ற இன்னொரு கம்பெனி அதன் பின்னாலேயே. சிம் விலை 1,500 கியாட். 2011இல் என் முதல் சிம்முக்கு நான் கொடுத்தது ஐந்து லட்சம். அண்ணியின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த ஒரு சிம்மை மூன்று வீட்டார் பங்கு போட்டோம். அதற்கும் முன்னால், 1996ஆம் வருஷச் சட்டப்படி, அரசு குறிப்பிட்ட வகைக் கணினியை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் ஏழு முதல் பதினைந்து வருஷம் சிறை. அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு 146 கிடைத்ததே பெரிது.

சரி, சிம் மலிவானதும் தயாராகிவிட்டோமா? என் மேஜைக்கு வந்த தலைவலி எழுத்து.

நம் ஆட்களுக்குப் பாமினிக் காலம் நினைவிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பர்மிய மொழியில் சங்கடம் இன்னும் ஆழம். ஸோஜி எழுத்துரு, யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துமுறை பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே இடங்களில் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை உட்கார வைத்தது. மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு வைத்திருந்த இடங்களையும் பிடித்துக்கொண்டது. திரையில் பார்க்க அழகாக இருக்கும். தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் அடுக்கினால் தாறுமாறு. அரசாங்கம் யூனிகோடுக்கு மாற 2019 அக்டோபர் 1ஐக் குறித்தது. அந்த மாதம் முழுக்க எழுத்துரு மாற்றித் தந்தே பிழைத்தேன். நெல் வியாபாரி ஒருவர் புதுப் போனுக்கு மாறியதும் அவர் சேர்த்து வைத்திருந்த பெயர்களில் பாதி உடைந்து போனது. “எனக்குப் பாக்கி வைத்தவன் பேரெல்லாம் போச்சே” என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நூறு பேருக்கு எத்தனை போன் என்று எண்ணுகிற கணக்கில் அவரும் ஒருவர்தான்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனதற்குச் சொல்லும் ‘மீ பியெட்’ என்ற பர்மியச் சொல் தெரியாத தமிழ்ப் பிள்ளை இங்கே உண்டா?

அப்புறம் 2021. பிப்ரவரி 1 விடிகாலை இணையம் நின்றது. இரண்டு வாரம் கழித்து, தினமும் இரவு ஒரு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை கிடையாது. மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவே போனது. கோபுரம் அதே கோபுரம், போனும் அதே போன். 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி, 1,500க்கு வாங்கிய சாமானுக்கு! இதற்கு மேல் இங்கே எழுதவில்லை, புரிந்துகொள். உன் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேள்: இன்றைக்கு இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நம்பி ஒருவன் கடை போட முடியுமா?

தட்டோன் வாத்தியார்:

பணத்தையும் சேர்த்துக்கொள்ளம்மா. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, மாற்றியும் தரவில்லை. எங்கள் அம்மா அரிசிப் பானையில் ஒளித்து வைத்தது எல்லாம் 75 நோட்டு. 2003இல் தனியார் வங்கிகள் ஆட்டம் கண்டபோது வரிசையில் நின்றேன். 2021இல் மறுபடி நின்றேன், இந்த முறை பையனோடு. இப்போது என் மருமகளுக்குச் சம்பளம் போனில் வருகிறது. வந்த அன்றே கமிஷன் கொடுத்து நோட்டாக்குவாள், முடிந்தால் அந்த நோட்டைத் தங்கமாக்குவாள். கணக்கெடுப்பவர்கள் வந்தால் அவளை ‘மின்பணம் பயன்படுத்துபவர்’ என்று குறித்துக்கொண்டு போவார்கள்.

கணக்குப்பிள்ளை, ரங்கூன்:

இருவரும் சொல்வது சரி, ஆனால் குறியீடுகளை அப்படித் தூக்கி எறிய வேண்டாம். மொத்த இடத்தைப் பார்ப்பதால்தான் குழப்பம். ஐ.நா.வின் மின்னாளுமைக் குறியீடு இணையச் சேவை, தொலைத்தொடர்பு, மனித வளம் என்ற மூன்றின் சராசரி. மூன்றாவதில் எழுத்தறிவும் பள்ளிச் சேர்க்கையும் வருகின்றன. மடத்துப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்ற ஊர் நம்முடையது, அதனால் அந்தத் துண்டில் நாம் அவ்வளவு மோசமில்லை. தங்கச்சி, துண்டு துண்டாகப் பிரித்து வருஷ வாரியாக வைத்துப் பாருங்கள், எங்கே அசைந்தது என்று தெரியும்.

இன்னொன்று. 2000இல் ஹார்வர்டில் ஒரு வழிகாட்டி போட்டார்கள். அதில் தரவரிசையே கிடையாது. 19 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அந்த ஊர்க்காரர்களே உட்கார்ந்து சொல்லிக்கொள்ள வேண்டும். பள்ளி, கடை, அரசு அலுவலகம், கொள்கை எல்லாம் அதில் உண்டு. பழசுதான், 146ஐ விட உதவும். ஒரே குறை, படி ஏறுவதற்குத்தான் அதில் வழி இருக்கிறது. இறங்குவதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ரங்கூன் மாணவி:

மூவருக்கும் நன்றி. நாட்டை விட்டுவிட்டு எங்கள் தெருவை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். 2014, 2019, இப்போது என்று மூன்று தடவை அதே 19 கேள்வி. பெகு அண்ணா, அந்த நெல் வியாபாரியிடம் பேச முடியுமா?

பெகு போன்கடை:

பேசலாம், வாரம் ஒருமுறை டாப்-அப் போட வருவார். போனில் எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன், இப்போது ஒழுங்காகத் தேட வரும். ஆனால் அந்தப் பெயர்களை எல்லாம் நீள அட்டை நோட்டிலும் எழுதி, பக்கத்து வீட்டில் ஒரு பிரதி கொடுத்து வைத்திருக்கிறார். நோட்டை உனக்குக் காட்டுவாரா என்பது சந்தேகம்.