கடைக்கு மேலே மாடியில் சீமை அத்தி: எந்த ரகம், யார் தண்ணீர் ஊற்றுவது?

மாடிக்கடை (மதுரை):
கீழே மளிகைக் கடை, மேலே வீடு. மொட்டை மாடியில் நாலு சீமை அத்தி வைக்க உத்தேசம். காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 வரை வீட்டில் எல்லாருக்கும் கடைவேலைதான். தண்ணீர் ஊற்ற ஆள் கிடைப்பதே கஷ்டம். கடையில் விற்கிற உலர் அத்தியின் விதையைப் போட்டாலே போதும் என்கிறார் அப்பா. சரியா? தொட்டி எவ்வளவு பெரிது வேண்டும்? பழம் மிஞ்சினால் கல்லாப் பக்கத்தில் வைத்து விற்கலாமா?

செம்மண்:
விதை முளைக்கும், பழம்தான் உறுதியில்லை. துருக்கியிலிருந்து வரும் ஸ்மிர்னா வகை அத்தியில் குளவி மகரந்தம் கொண்டுவந்தால்தான் காய் நிற்கும். அதன் விதைக் கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆண் மரம், சாப்பிட உதவாது. மீதிப் பாதி பெண் மரம்தான், ஆனால் அந்தக் குளவி இங்கே இல்லாததால் காய் சின்னதிலேயே உதிர்ந்துவிடும். நம்மூர் ஆற்றங்கரை அத்தியின் குளவி வேறு இனம், இதற்கு ஆகாது.

குளவியே தேவைப்படாத பூனா அத்தி, டயானா, பிரவுன் டர்க்கி இவற்றில் பதியன் அல்லது குச்சிக் கன்று வாங்குங்கள். புனே பக்கம் புரந்தர் அத்தி 2016-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அங்கே தோட்டம் தோட்டமாக இருப்பது பூனா ரகம்தான். வாங்கும்போது கன்றைப் பையிலிருந்து லேசாக உருவி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு, அந்தக் கன்று வேண்டாம்.

தொட்டிக்குச் சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டினால் போதும். ரசாயனம் இருந்த டிரம் கூடாது. அடியில் விரல் நுழையும் அளவில் ஆறு துளை. செம்மண் 4 பங்கு, மக்கிய சாணம் 3, மணல் 2, தென்னைநார்க் கழிவு 1, தொட்டிக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. நனைந்தால் ஒரு தொட்டி 120 கிலோவைத் தாண்டும். சுவர் அல்லது உத்தரத்தின் மேல் வரும்படி, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டினால் வேர் துளை வழியே இறங்கி மழைநீர்க் குழாயைத் தேடும்.

சொட்டுநீர்:
ஆள் வேண்டாம், சொட்டுநீர்க் குழாய் இழுத்து அதற்கு டைமர் போடுங்கள். ஆனால் வால்வு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாடித் தண்ணீர் டேங்கில் அழுத்தம் குறைவு. சாதா சோலனாய்டு (மின்காந்த வால்வு) டைமர் அதில் சரியாகத் திறக்காது. உருண்டை சுழன்று திறக்கும் பால் வால்வு (ball valve) டைமர் கேட்டு வாங்குங்கள். மணிக்கு 4 லிட்டர் என்று அச்சடித்த டிரிப்பர்கூட (சொட்டு விடும் முனை) அங்கே பாதிதான் கொடுக்கும். அதனால் அடியில் பாட்டில் வைத்துப் பத்து நிமிடம் அளந்துவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை ஒரு செடித் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 8 லிட்டர், காலை மாலை பிரித்து. மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு.

தண்ணீர் டேங்க் காலி என்றால் டைமர் சும்மா திறந்து மூடும். காலையில் மோட்டார் போடுகிறவரே மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிடட்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் கொட்டினால் பிஞ்சு உதிரும், பழுக்கிற நேரத்தில் வெடிக்கும்.

கவாத்து:
வடகிழக்கு மழை முடிந்து ஜனவரியில் கிளைகளை வெட்டுங்கள். மூன்று நாலு முக்கியக் கிளை, ஒவ்வொன்றிலும் மூன்று கணு விட்டால் போதும். காய் புதுத் துளிரில்தான் வரும். மே, ஜூனில் பழம். மழைக்காலத்தில் இலையடியில் பழுப்புப் பொடி தெரிந்தால் துரு நோய். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் அடிக்கலாம். பழம் இருக்கும்போது வேண்டாம். வெட்டும்போது முழுக்கை சட்டை, கையுறை கட்டாயம். கிளையில் வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

மாடிக்கடை:
அணில் நிறைய. பழத்தை முன்னாடியே பறித்துக் கடையில் பழுக்க வைத்தால்?

கவாத்து:
பறித்த பிறகு அத்தி பழுக்காது, இது வாழை இல்லை. காம்பு வளைந்து பழம் தொங்கணும், தொட்டால் மெத்தென்று இருக்கணும், பறித்த காம்பில் பால் வரக்கூடாது. உங்கள் கடை வெங்காய மூட்டை வலையை இரண்டு மடிப்பாகப் பழத்துக்குக் கட்டுங்கள், பறவைக்குப் போதும். அணில் கடித்துப் பிய்க்கும், அதற்குக் கம்பி வலைக் கூண்டுதான்.

கல்லாப் பக்கம் வெப்பத்தில் மாலைக்குள் புளிக்கும். முந்தின இரவே தெரு வாட்ஸ்அப்பில் கேட்டு, கடை திறக்குமுன் பறித்து, ஒரே அடுக்காகத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். மிஞ்சினது ஃபிரிட்ஜில் இரண்டு நாள்.